பதினொன்று முதல் மூன்று வரை

பெயிண்டர் விழுந்தது ஒன்றும் பெரிய உயரமில்லை. மூன்று மாடிச் சாரத்தில் நின்று வெளிச்சுவர் அடித்தவர் அவர். அப்பேர்ப்பட்ட ஆள், ஒரு பல் டாக்டரின் அறைக்குள், ஆறடி ஏணியின் நாலாவது படியில் நின்று கூரை மூலைக்கு ரோலரை நீட்டும்போது கால் சறுக்கினார். கீழே கை கழுவும் தொட்டி. அதன் விளிம்பில் பின்மண்டை போய் மோதியது.

விழுந்தவர் தானாகவே எழுந்து உட்கார்ந்தார். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார். தலையைத் தடவிப் பார்த்தார், ரத்தம் இல்லை. சிந்திய பெயிண்டைத் துடைக்க ஒரு துணி கேட்டார். கையில் துணியை வைத்துக்கொண்டே மறுபடி கேட்டார். மூன்றாவது தடவையும் அதே துணியைக் கேட்டபோதுதான் மேஸ்திரி வண்டி பிடிக்கச் சொன்னார். வண்டியில் ஏற்றுவதற்குள் வாந்தி எடுத்துவிட்டார்.

அவர் மனைவி சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைப்பவள். பதினெட்டு வருடமாக வேறு எதையும் தைத்ததில்லை என்பதால் அங்கே அவளுக்குப் பெயரே காலர் அக்கா. சேதி வந்ததும் மேலெல்லாம் நூல் பிசிறு ஒட்டியிருக்க அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். மண்டைக்குள் கொஞ்சம் ரத்தம் கசிந்திருக்கிறது, அறுவை சிகிச்சை தேவையில்லை, தானாக வற்றிவிடும் என்றார்கள். ஒன்பதாம் நாள் மறுபடி படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் சுத்தமா இருக்கு, கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டார்கள். கை கால் விளங்கியது. பேச்சு குழறவில்லை. பள்ளிக்கூடம் போகும் மகளின் வகுப்பு, பிரிவு, தோழிகளின் பெயர் எல்லாம் சரியாகச் சொன்னார். ஆள் பிழைத்து வந்ததே பெரிது என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்தார்கள்.

வீட்டுக்கு வந்த முதல் மாதம் அவர் தூங்கிக்கொண்டே இருந்தார். அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. உடம்பு தேறுவதற்காகத் தூங்குகிறது, தூங்கட்டும் என்று காலர் அக்கா கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போவாள். இரண்டாவது மாதமும் தூங்கினார். மூன்றாவது மாதம் அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஏனென்றால் அவர் அப்படிப்பட்ட ஆளே இல்லை. அலாரம் வைக்காமல் நாலரைக்கு எழுந்து, குளித்து, வேலை நடக்கும் கட்டடத்துக்கு எல்லாருக்கும் முன்னால் போய், முந்தின நாள் பிரஷ்களைத் தண்ணீரில் அலசிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கூட வேலை பார்த்தவர்கள் அவருக்குச் சேவல் என்று பெயர் வைத்திருந்தார்கள். "நம்ம சேவல் மட்டும் இல்லேன்னா காண்ட்ராக்டர் நம்மளை உப்புத்தாள் போட்டுத் தேச்சிருப்பாரு" என்று மேஸ்திரி சொல்லிச் சிரிப்பார்.

நாலாவது மாதம் வேலைக்குத் திரும்பினார். ஒரு வாரம்கூட ஓடவில்லை. முதல் மாடிச் சாரத்துப் பலகையில், கையில் பிரஷ்ஷைப் பிடித்தபடி, தலை தொங்கிப்போய் உட்கார்ந்திருந்தவரை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கீழே இறக்கினார்கள். மேஸ்திரி நல்ல மனிதர். விரட்டவில்லை. கீழே நின்று சுவரின் மேடுபள்ளத்தில் பட்டி பூசும் வேலை கொடுத்தார். அங்கேயும் ஒரு நாள் மத்தியானம், அப்போதுதான் அடித்து முடித்த ஈரச் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார். எழுப்பியபோது ஒரு பக்கக் கன்னமும் காதும் இளநீலம். சுவரில் தோளும் தலையும் அப்படியே பதிந்திருந்தன. வீட்டுச் சொந்தக்காரர் கத்தினார். கூட இருந்தவர்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு சிரிக்கவில்லை.

அன்று மேஸ்திரியே வீடு வரைக்கும் கூட வந்தார்.

"அக்கா, நான் சொல்றதைத் தப்பா எடுத்துக்காதீங்க. இவரை நான் மறுபடி மேல ஏத்த மாட்டேன். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்க முகத்துல நான் முழிக்க முடியாது."

"படம் எடுத்துப் பாத்தாச்சே தம்பி, எல்லாம் நல்லா இருக்குன்னுதானே சொன்னாங்க?"

"அதுதான் எனக்கும் புரியல. நல்லா இருக்குற ஆளு இப்படித் தூங்குவாரா?"

பெயிண்டர் இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டு, காதோரம் காய்ந்துபோன பெயிண்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு வீடுதான். காலர் அக்காவுக்கு முதல் ஷிப்ட். ஆறு மணிக்குத் தொழிற்சாலைக்குள் இருக்க வேண்டும் என்றால் ஐந்தேகாலுக்கு வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். அப்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். கொஞ்சம் ஓவர்டைமும் சேர்த்துப் பார்த்துவிட்டு நாலரைக்குத் திரும்புவாள், அப்போதும் தூங்கிக்கொண்டிருப்பார். சாப்பிட எழுப்பினால் எழுந்து, பாதி சாப்பாட்டில் கண் சொக்கிப்போய், தட்டிலேயே கை நிற்கும். தூங்குகிற புருஷனைத் தவிர வேறு புருஷனை அவள் பார்த்தே மாதக்கணக்காகிவிட்டது.

ஆனால் எதிர்வீட்டுக்காரி வேறு கதை சொல்வாள். "உங்க வீட்டுக்காரர் இன்னைக்கு மத்தியானம் எங்க குழாயைக் கழட்டி மாட்டிக் குடுத்தாருக்கா. என்னமாப் பேசுறாரு! சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சுப் போச்சு." இதைக் கேட்கும்போது காலர் அக்காவுக்கு உள்ளே சுருக்கென்று தைக்கும். ஊராருக்கு முழிப்பு, நமக்கு மட்டும் தூக்கமா?

இந்த நெருப்பில் எண்ணெய் ஊற்ற ஒருவர் இருந்தார். பெயிண்டரின் தம்பி, அவளுக்குக் கொழுந்தன். கூரியர் கம்பெனியில் நாள் முழுக்க வண்டி ஓட்டி முதுகு ஒடிகிற ஆள். மாதம் ஒரு முறை வந்து, படுத்திருக்கும் அண்ணனை வாசற்படியில் நின்றபடியே பார்த்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் பேசுவார்.

"அண்ணி, நீங்க ரொம்ப இடம் குடுக்குறீங்க. மண்டையில அடிபட்டவன் பைத்தியமாவான், இல்ல கை கால் இழுத்துக்கும். தூங்குறது ஒரு நோயா? அப்படிப் பாத்தா எனக்கும்தான் அந்த நோயி இருக்கு. காலைல எந்திரிக்கவே மனசு வராது. நான் எந்திரிச்சுப் போகல?"

"சும்மா இருங்க தம்பி, அவர் காதுல விழும்."

"விழட்டும். விழுந்தாலாவது எந்திரிக்கிறானான்னு பாப்போம்."

வாயால் அடக்கினாளே தவிர, கொழுந்தன் சொன்னது அவள் மனதில் போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டு வருடம் அங்கேயே உட்கார்ந்திருந்தது.

ஒரு மழை நாளில் அது வெளியே வந்தது. மகளுக்கு அப்போது பதினைந்து வயது. பள்ளிக்கூடத்தில் மூன்று மணி வாக்கில் காய்ச்சல் கண்டு, கூட்டிப் போகச் சொல்லி வீட்டுக்குப் போன் அடித்திருக்கிறார்கள். யாரும் எடுக்கவில்லை. கடைசியில் பெண் தானே நடந்து வந்து, உள்பக்கம் தாழ்போட்டிருந்த கதவைத் தட்டித் தட்டி, முடியாமல் வாசலிலேயே சுருண்டு உட்கார்ந்துவிட்டாள். எதிர்வீடு அன்று பூட்டிக் கிடந்தது. காலர் அக்கா வந்தபோது பிள்ளைக்குப் பல் கிட்டிப்போய் நடுங்கியது. தொட்டால் சுட்டது.

காலர் அக்கா வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் ஓடினாள். ஜன்னல் வழியாகக் கம்பியை விட்டுப் பின்கதவுத் தாழை நெம்பித் திறந்தாள். உள்ளே அவர் அடித்துப் போட்ட மாதிரி கிடந்தார். தலைமாட்டில் போன். அவள் நேராகக் குளியலறைக்குப் போய் வாளியைத் தூக்கி வந்தாள். முழு வாளியையும் அவர் முகத்தில் ஊற்றினாள்.

"அன்னைக்கே போயிருக்கலாமே நீங்க! எங்களுக்கு ஒரு நாள் அழுகையோட முடிஞ்சிருக்குமே!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. மகள் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் மூச்சுத் திணறி எழுந்து உட்கார்ந்தார். கண்ணைத் துடைத்தார். முதலில் மகளைத்தான் பார்த்தார். "ஏன்டாம்மா நனைஞ்சிருக்க?" என்று கேட்டார். தட்டுத் தடுமாறி எழுந்து கொடியில் கிடந்த துண்டை எடுத்து அவள் தலையைத் துவட்டினார். மனைவியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு சொட்டச் சொட்ட நனைந்த சட்டையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவர், பிள்ளைக்கு மாத்திரை கொடுத்துவிட்டு மனைவி திரும்புவதற்குள் மறுபடி தூங்கியிருந்தார். குளிரில் உதடு நீலம் பாரித்திருந்தது, உடம்பு உதறியது. தூக்கம் மட்டும் கலையவில்லை.

காலர் அக்கா அவர் எதிரில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நடிக்கிறவர் யாரும் ஈரத் துணியோடு நடுங்கிக்கொண்டு தூங்க மாட்டார்கள்.

அடுத்த வாரமே வேறொரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அங்கே நரம்பு டாக்டர் ஒரு பெண்மணி. அவசரப்படாமல், அவர் விழுந்த நாளிலிருந்து எல்லாவற்றையும் கேட்டாள். கடைசியாகப் பெயிண்டரிடம், "ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் தூங்குறீங்க?" என்றாள்.

"எல்லாரும் தூங்குற மாதிரிதான் டாக்டர். எட்டு மணி நேரம். மிஞ்சிப்போனா ஒன்பது."

காலர் அக்கா வாயைத் திறந்தாள். டாக்டர் கையமர்த்தினாள். "அவர் பொய் சொல்லலம்மா. அவருக்கு அப்படித்தான் தெரியுது. ரெண்டு வாரத்துக்கு இவர் தூங்குற நேரம், முழிக்கிற நேரம் எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்க. இவர் சொல்றதை எழுதாதீங்க. நீங்க பாக்குறதை எழுதுங்க."

பள்ளி விடுமுறை என்பதால் மகள்தான் எழுதினாள். பழைய கணக்கு நோட்டில் ஒரு நாளைக்கு ஒரு பக்கம், இருபத்துநாலு கட்டம், தூங்கும் கட்டத்தைப் பென்சிலால் நிழல் போட்டாள். இரவிலும் அம்மாவும் பெண்ணும் முறை போட்டுக் கண் விழித்துப் பார்த்தார்கள். ராத்திரியிலும் அவர் ஒழுங்காகத் தூங்கவில்லை. நாலைந்து முறை எழுந்து உட்கார்ந்து, எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவர் மாதிரி விழித்துவிட்டு மறுபடி சாய்ந்தார். காலையில் கேட்டால் ஒரு தடவைகூட எழவில்லை என்றார்.

பதினாலாவது நாள் பெயிண்டரே நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். முதல் பக்கம், இரண்டாவது பக்கம், மூன்றாவது பக்கம். எல்லாவற்றிலும் கறுப்புதான் அதிகம். சராசரி பதினாறு மணி நேரம் என்று மகள் கடைசியில் எழுதியிருந்தாள். அதை விரலால் தடவிப் பார்த்தார், ஏதோ சுவரில் பட்டி சமமாக இருக்கிறதா என்று பார்ப்பது போல.

"இது நானா?" என்றார். "இவ்வளவுமா?"

நோட்டை மூடி மகளிடம் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். மூளைக்குள்ளே ஆளை முழிப்பாக வைத்திருக்கிற இடம் ஒன்று உண்டு; அடி அதில் பட்டிருக்கிறது; அது படத்தில் தெரியாது. தலையில் அடிபட்ட நிறையப் பேருக்கு இப்படி ஆகிறது. சிலருக்குத் தூக்கமே வராமல் போகும், சிலருக்கு இப்படி. சோம்பேறித்தனம் என்று வீட்டில் திட்டு வாங்கியே பாதிப் பேர் நொந்துபோகிறார்கள்.

இதைக் கேட்டதும் காலர் அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"மாத்திரை தர்றேன். கொஞ்சம் கேக்கும். முழுசாச் சரியாயிடும்னு மட்டும் நான் சொல்ல மாட்டேன்மா. அவர் நல்லா முழிப்பா இருக்குற நேரம் எதுன்னு பாருங்க. முக்கியமானதை எல்லாம் அந்த நேரத்துல வச்சுக்குங்க."

அன்று இரவு அவள் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். பதினாலு பக்கத்திலும் மாறாமல் வெள்ளையாக இருந்தது ஒரே இடம்தான். காலை பதினொன்று முதல் பிற்பகல் மூன்று வரை. அந்த நாலு மணி நேரமும் தினம் அவள் காலர் மிஷினில் இருந்தாள். அவர் எதிர்வீட்டில் குழாய் மாட்டியதும் சிரித்துப் பேசியதும் அப்போதுதான். அவருடைய தூக்கத்துக்கு ஆள் வித்தியாசம் தெரியாது. அவள் வீட்டில் இருந்த நேரம்தான் தப்பு.

மறுநாள் சூப்பர்வைசரிடம் போய் இரண்டாவது ஷிப்ட் கேட்டாள்.

"காலர் அக்கா, அங்க காலர் லைனே கிடையாதே. நூல் வெட்டுற டேபிள்தான் காலி. கத்தரிக்கோலைப் புடிச்சிட்டு நிக்கணும். இருபது வருஷ கையி, அங்க போய் நிப்பீங்களா?"

"நிக்கிறேன்."

"காலர் அக்கான்னு கூப்பிடவே ஆளிருக்காது. எல்லாம் புதுப் பொண்ணுங்க."

"பரவாயில்ல சார்."

முதல் நாள் பதினொரு மணிக்குக் கண் விழித்த பெயிண்டர், மனைவி வீட்டில் இருப்பதைப் பார்த்துப் பதறிவிட்டார். "உடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னாள். முகம் கழுவி, தலை வாரி, சட்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். புதிதாகப் பெண் பார்க்க வந்தவர் மாதிரி இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது.

ஒன்றரைக்கு அவள் வேலைக்குக் கிளம்ப வேண்டும். அதுவரை பேசினார்கள். சேர்ந்து காய் நறுக்கினார்கள். அவர் சொன்னார்: "தூக்கம் வருதுன்னே எனக்குத் தெரியறதில்ல. கண்ணை மூடித் திறக்குறேன், அவ்வளவுதான். பாத்தா நீ வேற துணியில நிக்கிற, வெயில் வேற சுவத்துல விழுது. நடுவுல இருந்ததுக்கு மேல யாரோ ஒரு கோட்டிங் அடிச்சிட்டுப் போயிட்ட மாதிரி. சுரண்டிப் பாத்தாலும் அடியில ஒண்ணும் இருக்காது."

நாலைந்து மாதம் இப்படி ஓடியது. ஒரு நாள் அவள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு கேட்டுவிட்டாள். "அந்த மழையன்னைக்கு நான் ஒண்ணு சொன்னேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

இல்லை என்று சொல்லிவிட மாட்டாரா என்றிருந்தது அவளுக்கு. அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். உரிப்பதை நிறுத்தவில்லை.

"இருக்கு. நானும் அதையேதான் ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தேன். நான் ஒருத்தன்தான் நினைக்கிறேன்னு இருந்தேன். நீ சொன்னப்ப, உனக்கும் அப்படித்தான் இருக்குன்னு தெரிஞ்சுது."

அவள் ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் அவரே, "விடு, வெங்காயம் கண்ணைக் கரிக்குது" என்றார். அதோடு அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை. எடுக்காததால் அது போய்விடவும் இல்லை.

கொழுந்தனிடம் டாக்டர் சொன்னதை ஒரு தடவை விளக்கிச் சொன்னாள். நம்பினாரா, இல்லையா என்று தெரியவில்லை. அடுத்த முறை வந்தபோது செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பையிலிருந்து ஒரு புதுத் தலையணையை எடுத்து, "அண்ணன் தலகாணி கட்டி தட்டிப் போயிருந்துச்சு" என்று சொல்லிக் கட்டிலோரம் வைத்துவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

மாத்திரை முதல் வருடம் கேட்டது. பிறகு அளவைக் கூட்டினார்கள். அதற்கும் உடம்பு பழகிவிட்டது. மூன்று மணி இரண்டரையானது. சில நாள் இரண்டுக்கே கண் சொருகியது. காலர் அக்கா அதை நோட்டில் எழுதவில்லை. எழுதாமலே தெரிந்தது.

மகளுக்கு வெளியூரில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்தது. பெட்டி படுக்கையோடு போவதற்கு விடியற்காலைப் பஸ்தான் வசதி. எல்லாரும் அதில்தான் போவார்கள். அவள் பன்னிரண்டரைப் பஸ்ஸுக்குச் சீட்டு வாங்கினாள். "அப்பா முழிச்சிருக்கும்போது போறேம்மா" என்றாள்.

அன்று காலர் அக்கா லீவு போட்டாள். பெயிண்டர் பத்தரைக்கே எழுந்துவிட்டார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, வேண்டாம் என்று எவ்வளவு சொன்னாலும் கேட்காமல், பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தார். பஸ் நிலையத்து சிமெண்ட் பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தார்கள். சூடு பார்த்து ஊசி போடு, அவசரப்பட்டு யாருக்கும் மாத்திரை மாற்றிக் கொடுத்துவிடாதே என்று தனக்குத் தெரியாத வேலைக்கெல்லாம் யோசனை சொன்னார். பெண் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

பன்னிரண்டரை ஆயிற்று. பஸ் வரவில்லை. ஒன்றரைக்கு விசாரித்தார்கள், வழியில் டயர் வெடித்துவிட்டதாம், வந்துவிடும் என்றார்கள். பெயிண்டர் எழுந்து நடக்க ஆரம்பித்தார். குழாயில் முகம் கழுவினார். மறுபடி நடந்தார். தொடையைக் கிள்ளிக்கொள்வதைக் காலர் அக்கா பார்த்தாள். பார்க்காத மாதிரி இருந்தாள். இரண்டேகாலுக்கு, "ஒரு நிமிஷம் உக்காந்துக்குறேன்" என்று மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் தோளில் தலை சாய்ந்தது.

பஸ் மூன்று மணிக்கு வந்தது. ஏற்கெனவே நிறைந்திருந்தது. இரண்டு பஸ் ஆட்களை ஒன்றில் ஏற்றியிருந்தார்கள். மகள் அப்பாவை நாலு தடவை எழுப்பினாள். "அப்பா, பஸ் வந்துடுச்சுப்பா" என்று கன்னத்தைத் தட்டினாள். அவர் "ம்" என்றார், கண் திறக்கவில்லை. கண்டக்டர் விசில் அடித்தார். அப்பாவின் தலையை மெதுவாகத் தூக்கி அம்மாவின் தோளில் வைத்துவிட்டு அவள் பெட்டியோடு ஓடிப்போய் ஏறினாள். உட்கார இடமில்லை. நின்றுகொண்டுதான் போனாள். கூட்டத்தில் அவள் கை மட்டும் ஒரு கணம் தெரிந்தது.

அவர் விழித்தபோது ஐந்து மணிக்கு மேல் ஆகியிருந்தது. சுற்றிலும் பார்த்தார். பெட்டி இருந்த இடத்தைப் பார்த்தார்.

"போயிட்டாளா?"

"போயிட்டா."

"எழுப்பியிருக்கலாமே."

"எழுப்பினா. நாலு தடவை எழுப்பினா."

அவர் தலையை ஆட்டினார். மறுபடி கண் சொக்குவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும் என்று காலர் அக்கா அவரைக் கைப்பிடித்து எழ வைத்து, வண்டிகள் போகிற பக்கத்தில் தான் நடந்து, அவரை ஓரமாக விட்டுக் கூட்டிப்போனாள். பாதி வழியில் அவர் நின்றார்.

"ஜன்னல் பக்கமா உக்காந்தா?"

"ஆமா," என்றாள் அவள். "நல்லாக் காத்து வர்ற பக்கமா."